நல்ல கை வந்தால் ஆடும் கால்

எனக்கு நல்ல கடதாசி வந்தால் வலது கால் ஆடத் தொடங்கிவிடும். விளையாட்டுச் சீட்டைத்தான் எங்கள் வீட்டில் கடதாசி என்போம். முகத்தில் ஒன்றும் தெரியாது, குரலும் மாறாது. வேலையிடத்தில் என்னை அமைதியானவள் என்றுதான் சொல்வார்கள். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒரு செயலி வெளியாவதற்கு முதல்நாள் மற்றவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு திரியும்போது நான் ஒரு மூலையில் இருந்து பிழைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டிருப்பேன். கால் மட்டும் மேசைக்குக் கீழே தன்பாட்டுக்கு ஆடும்.

அஜின்கோர்ட்டில் உள்ள எங்கள் வீட்டின் பேஸ்மென்டில் சனிக்கிழமை மத்தியானங்களில் முந்நூற்றுநாலு நடக்கும். நான்கு பேர், இரண்டு சோடி. அப்பாவும் மாமாவும் ஒரு பக்கம், அம்மாவும் மாமியும் மறுபக்கம். மாமா அம்மாவின் தம்பி. பிக்கரிங்கில் இருக்கிறார், வீடு விற்பனை முகவர். சிரித்த முகத்தோடு அவருடைய படம் தமிழ்க் கடை வாசல்கள் பலவற்றில் ஒட்டியிருக்கும்.

அந்த விளையாட்டில் ஜாக்தான் பெரிய கடதாசி. அடுத்தது ஒன்பது. ஆஸ் மூன்றாவதாகத்தான் வரும். முதல் நான்கு கடதாசிகளைப் பார்த்துவிட்டு யார் கூடுதல் புள்ளி எடுப்பதாகக் கேட்கிறாரோ அவர் தன் துரும்பு, அதாவது மற்றவற்றை வெட்டும் இனம், எது என்று ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு கடதாசியை மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். எதிரில் இருக்கும் சொந்தச் சோடிக்கும் அது தெரியாது. விளையாட்டின் பாதி சுவையே அந்தக் கவிழ்ந்த கடதாசியில்தான் இருக்கிறது.

ஒருநாள் மாமிக்குக் காய்ச்சல் என்று அவருடைய இடத்தில் என்னை இருத்தினார்கள். எனக்கு இரண்டு ஜாக் வந்தன. மேசையில் இருந்த மிக்சர்த் தட்டு கிலுகிலுவென்று ஆடியது.

"அத்தான், வச்சிட்டு எழும்புவம். பிள்ளைக்கு ஜாக் வந்திட்டுது, வீடே ஆடுது" என்றார் மாமா.

அப்பா குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். "ஆடுறது மட்டுமில்லை, தாய்க்குக் காலால சைகை குடுக்கிறாள்."

எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு இல்லை. சோடிக்குச் சைகை காட்டினார் என்பதற்காக மாமா தன் பழைய நண்பர் ஒருவருடன் கதைப்பதையே விட்டவர். அம்மா கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கால் நிக்கப் பழகினாப் பிறகு வா, பிள்ளை" என்று என்னை மேலே அனுப்பினார்.

அதனால்தான் நான் இணையத்தில் போக்கர் விளையாடத் தொடங்கினேன். அங்கே காலை யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பது மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும். நல்ல கையோ கெட்ட கையோ, ஒரே அளவு நேரம் எடுத்துப் பொத்தானை அழுத்தப் பழகினேன். கீழே அவர்கள் கத்திக்கொண்டிருக்கும் அதே மத்தியானத்தில், மேலே என் அறையில், மிகச் சிறிய தொகைக்கு ஆடும் ஆறு பேர் மேசையொன்றில் நான் இருப்பேன். கால் ஆசைதீர ஆடும்.

இது கடந்த இலையுதிர்காலத்தைப் பற்றியது. அப்போது எனக்கு இரண்டு விடயங்கள் ஒரே நேரத்தில் வந்திருந்தன. ஒன்று, அஜக்ஸில் ஒரு வீடு. அம்மாவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. இப்போதைய வீட்டில் படுக்கை மேலே, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் கீழே, நாள் முழுவதும் படிகள்தான். அஜக்ஸ் வீட்டில் நிலமட்டத்திலேயே ஒரு படுக்கையறையும் குளியலறையும் இருந்தன. அப்பாவின் தொழிற்சாலைச் சம்பளம் மட்டும் வங்கிக்குப் போதாது என்பதால் மோர்ட்கேஜ் என்ற வீட்டுக் கடனில் என் பெயரும் சேர வேண்டும். இரண்டாவது, என் நிறுவனம் நாட்டின் மறுகரையில், வன்கூவரில் தொடங்கும் புதிய அணியில் ஓர் இடம். நான் நேர்முகத்துக்குப் போய், அவர்கள் சரி என்று சொல்லி, என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். மோர்ட்கேஜில் கையெழுத்து வைத்தால் நான் போக முடியாது: வீட்டுத் தவணையையும் வன்கூவர் வாடகையையும் ஒரே சம்பளத்தில் கட்ட முடியாது. நான் போனால் அம்மாவுக்கு அந்த வீடு இல்லை.

வன்கூவர் பற்றி வீட்டில் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

*

போக்கரில் முதலில் ஆளுக்கு இரண்டு கடதாசிகள், மற்றவர்களுக்குத் தெரியாமல். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஐந்து கடதாசிகள் மேசையில் திறக்கப்படும். அந்தப் பொதுக் கடதாசிகள் வருவதற்கு முன்பே ஒரு சுற்றுப் பந்தயம் உண்டு. அதில் மூன்று வழிகள்: விட்டுவிடலாம், மற்றவர் வைத்ததையே வைத்து, அதாவது கோல் பண்ணி, கூடப் போகலாம், அல்லது தொகையை ஏற்றலாம்.

பழக்கதோஷத்தில் நான் முதலில் ஒரு வரிசை போட்டேன். இரண்டு ஆஸ், இரண்டு கிங், இரண்டு குயின், ஆஸும் கிங்கும். இவைதான் தொடக்கத்திலேயே வலுவான கைகள். போக்கர் தெரிந்த எவரும் இதே வரிசையைத்தான் போடுவார்கள். என் பிழை வரிசைக்கு வெளியே இருந்தது. ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வரும்போது எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி வரும். போக்கரில் அது சாதாரணக் கை. அது மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. ஜாக்கையும் ஒன்பதையும் கண்ட உடனே ஆடத் தொடங்கிவிடும். இரண்டு ஆஸ் வந்தால் ஒரு கணம் தாமதித்துத்தான் ஆடும், யோசித்துவிட்டு ஆடுவது போல.

அதைவிடப் பெரிய பிழையை நான் பிழையென்றே நினைக்கவில்லை. இரண்டு ஆஸ் வந்தால் நான் ஏற்றமாட்டேன். பேசாமல் கூடப் போவேன், கையில் ஒன்றுமில்லாதவள் போல. மற்றவர்கள் பயந்து ஓடிவிடக்கூடாது, தெரியாமல் வந்து விழட்டும் என்பது என் கணக்கு.

அவர்களும் வந்தார்கள். ஒருவரல்ல, நான்கு பேர். ஒருவரோடு மோதினால் இரண்டு ஆஸ் பெரும்பாலும் வெல்லும். மேசை முழுவதோடும் மோதினால் பாதிக்குப் பாதிதான். ஒருநாள் பொதுக் கடதாசியில் ஜாக்கும் ஒன்பதும் விழுந்தன. நான் விடாமல் வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் எதிராளி தன் கையைத் திறந்தான். அவனிடமும் ஒரு ஜாக், ஒரு ஒன்பது: இரண்டு இணைகள், என் ஒரே இணையான ஆஸை வெல்லும் கை. நான் தொடக்கத்தில் ஏற்றியிருந்தால் அந்தக் கையோடு அவன் உள்ளேயே வந்திருக்கமாட்டான். கீழே பேஸ்மென்டில் மாமா ஏதோ வென்று மேசையில் அடித்துச் சிரித்தார். முந்நூற்றுநாலு என்றால் இவன் என்னை வென்றது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு மடிக்கணினியை மூடினேன். இருக்கப் பிடிக்கவில்லை. எழுந்து ஜன்னலடிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி திறந்தேன்.

*

அஜக்ஸ் வீட்டைப் பார்க்க நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நெடுஞ்சாலை 401இல் கார்கள் ஊர்ந்தன. மாமா வாசலில் நின்று, சப்பாத்துக்கு மேலே போடும் நீல உறைகளை ஒவ்வொருவருக்கும் தந்தார்.

"அக்கா, இங்க பாருங்கோ. கீழயே ரூம், கீழயே வோஷ்ரூம். முழங்காலுக்கு இனி லீவு."

"முழங்காலுக்கு லீவு, உனக்குக் கொமிஷன்" என்றார் அம்மா.

"அக்காவிட்ட நான் கொமிஷன் எடுப்பனே?"

"எடுப்பாய். போனமுறையும் எடுத்தனி" என்றார் அப்பா, குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பார்த்தபடி.

அம்மா கீழ் அறையில் சுவரைப் பிடிக்காமல் நடந்து பார்த்தார். கதவிலிருந்து ஜன்னல்வரை, ஜன்னலிலிருந்து குளியலறைவரை. பிறகு ஒருமுறை மட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னோடு மாடிக்கு ஏறினார். பின்வளவைப் பார்த்த அறை ஒன்றின் வாசலில் நின்றார்.

"உந்த அறை உனக்கு. நல்ல வெளிச்சம். வீட்டில இருந்து வேலை செய்யிற நாளில உதிலயே மேசையைப் போடலாம். என்ன சொல்லுறாய்?"

"நல்லாயிருக்கு, அம்மா."

உண்மையாகவே நன்றாக இருந்தது. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனதில் இருந்த கணக்கு இதுதான்: விற்பவர் அதிக விலை கேட்பார், அல்லது வேறு யாராவது எங்களைவிடக் கூடப் போடுவார்கள், அல்லது வங்கி மறுக்கும். மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தால் நான் வாய் திறக்கவே தேவையில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. வங்கி என் சம்பளக் கடிதத்தைக் கேட்டது, கொடுத்தேன். மாமா ஒரு படிவத்தை அனுப்பினார், நிரப்பினேன். மாமி மொன்றியலில் உள்ள தன் தங்கைக்கு வீட்டின் படங்களை அனுப்பினார். அப்பா தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர்களிடம் அஜக்ஸிலிருந்து எந்த வழியால் வருவது சுகம் என்று விசாரித்தார். அம்மா என் அறை ஜன்னலுக்கு இளமஞ்சள் நிறத்தில் கேட்டின் வாங்கினார், விலை குறைத்துப் போட்டிருந்தார்களாம். ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டி "ஓம்" என்றேன். அந்த "ஓம்" எதற்கும் பெரிய விலை இல்லை. ஒவ்வொரு "ஓம்"க்கும் ஒரு ஆள் கூடுதலாக உள்ளே வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

*

மாமாவின் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். இங்கேயே பிறந்தவள், தாதியாக வேலை செய்கிறாள். வேலை இல்லாத சனிக்கிழமைகளில் தாய் தகப்பனோடு வந்து, முந்நூற்றுநாலு தலையிடி என்று என் கட்டிலில் கிடந்து போனைத் தட்டிக்கொண்டிருப்பாள். அந்த நாள்களில் ஒரு சனிக்கிழமை எட்டி என் திரையைப் பார்த்தாள்.

"வெயிட், வெயிட். ரெண்டு ஆஸ்! ஏன் சும்மா கோல் பண்ணினனி?"

"ஏத்தினா எல்லாரும் ஓடிப்போயிடுவினம்."

"ஓடட்டுமே!"

"ஓடினா எனக்கு என்ன லாபம்?"

"இப்ப மட்டும் என்ன லாபம்? பார், நாலு பேர் உள்ள வந்திட்டாங்கள். எல்லாருக்கும் ஃப்ரீ டிக்கெட் குடுத்து கூப்பிட்டு வச்சிருக்கிறாய். லிட்டரலி ஒரு பார்ட்டி."

"உனக்குப் போக்கர் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது. ஆனா உந்த விளையாட்டை எனக்குத் தெரியும்." அவள் எழுந்து சப்பணமிட்டு இருந்தாள். "உது போக்கர் இல்லை, மச்சாள். உது முந்நூற்றுநாலு. கீழ உன்ர அம்மா செய்யிறதைத்தான் நீ மேல செய்யிறாய். துரும்பைக் கவிட்டு வச்சிட்டு, ஆர் தெரியாம வந்து விழுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறாய்."

நான் மறுமொழி சொல்ல வாயெடுக்கும்போது திரையின் மூலையில் ஒரு மின்னஞ்சல் அறிவிப்பு வந்து நின்றது. வன்கூவர் அணியின் பொறுப்பாளர் என் முடிவை அறிய விரும்புகிறார். அது மறைவதற்குள் அவள் வாசித்துவிட்டாள்.

"வன்கூவரா? நீயா?"

"சத்தம் போடாத."

"ஆருக்குத் தெரியும்?"

"உனக்கு."

"எனக்கு இப்பத் தெரிஞ்சது. இதுக்கு முதல்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"ஓ மை கோட். உன்ர அம்மா கேட்டின் வாங்கிட்டா, மச்சாள்!"

"தெரியும்."

"என்ர அப்பா வாற கிழமை ஒஃபர் போடப்போறார்."

"தெரியும் எண்டுறன்."

"நீ போக விரும்புறியா, இல்லையா? யெஸ் ஓர் நோ."

அந்தக் கேள்விக்கு நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். போவதற்கான காரணங்கள் இடப்பக்கம், இருப்பதற்கானவை வலப்பக்கம். அம்மாவின் முழங்கால் வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்தது. இடப்பக்கத்தில் முதலாவதாக இருந்ததைச் சரியாக எழுதவே எனக்கு வரவில்லை. புதிய அணி, மலைகள், சம்பளம் எல்லாம் பிறகு வந்தவை. முதலாவதை அவளிடம்தான் முதல்முறை சொன்னேன்.

"எனக்கு ஓரிடத்தில இருக்கேலாமக் கிடக்கு."

"அது எனக்குத் தெரியும். கட்டில் ஆடுது." அவள் என் முழங்காலைப் பிடித்து நிறுத்தினாள். "கீழ போய்ச் சொல்லு."

*

நான் கீழே போகவில்லை. போக்கரைத் திருத்தினேன். அது சுலபமாக இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் மதிய உணவு நேரங்களில் அதைப் பற்றி வாசித்தேன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். வலுவான கை வந்தால் உடனே ஏற்ற வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கடைசிவரை பார்த்திருந்து அல்ல, முதலிலேயே நான்தான் தீர்மானிக்க வேண்டும். சிறிய மேசைகளில் இதுதான் எளிய வழி, சரியான வழியும் அதுதான். இதற்குமேல் பெரிய ரகசியம் ஒன்றும் அதில் இல்லை.

அப்படிச் செய்தபோது கண்ட முதல் விடயம் ஏமாற்றம். இரண்டு ஆஸ் வந்தது, ஏற்றினேன், ஐந்து பேரும் விட்டுவிட்டார்கள். தொடக்கத்தில் கட்டாயமாக வைக்கும் சில்லறை மட்டும் எனக்கு வந்தது. திரை அடுத்த கைக்குப் போய்விட்டது. நாள் முழுவதும் காத்திருந்த கை அது. கால் ஆடிக்கொண்டே இருந்தது, ஆடுவதற்குக் காரணம் போய்விட்டிருந்தது. சரியாக விளையாடினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது என்பது எனக்கு ஒருவரும் சொல்லித்தராத விடயம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து இன்னொரு முறை. இரண்டு ஆஸ், ஏற்றினேன். ஒருவன் மட்டும் திருப்பி ஏற்றினான், நான் மேலும் ஏற்றினேன். இருவரின் பணமும் முழுவதாக மேசைக்கு வந்துவிட்டது. அவனிடம் இரண்டு குயின். நான் விரும்பியது அதைத்தான்: ஒரே ஒரு எதிராளி, என்னைவிடச் சின்னக் கை. கடைசிப் பொதுக் கடதாசியாக மூன்றாவது குயின் வந்து விழுந்தது.

தோற்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஆனால் நான் செய்ததில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முன்பெல்லாம் தோற்ற பிறகு, ஏற்றியிருந்தால், ஏற்றியிருந்தால் என்று ஒரு குரல் இரவுச் சாப்பாடுவரை ஓடும். அன்று அது ஓடவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று ஓடியது. நாளைக்கு மாமா எங்கள் விலையைச் சொல்லி ஒஃபர் போடுவார். அதை விற்பவர் ஏற்றுக்கொண்டால் நான் சொல்ல நினைப்பது சொல்லாக இருக்காது, ஒப்பந்தத்தை முறிப்பதாகத்தான் இருக்கும்.

*

சனிக்கிழமை மச்சாளுக்கு வேலை. மத்தியானம் ஒரு செய்தி அனுப்பினாள்: "சொல்லிட்டியா?" பதில் அனுப்பவில்லை. மடிக்கணினியில் மேசை திறந்தே இருந்தது. வந்த கைகளைப் பார்க்காமலே விட்டுக்கொண்டிருந்தேன். கீழே மாமாவின் குரல் கேட்டது. "இந்தக் கையோட தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஒஃபரை அனுப்புவம்."

படியிறங்கினேன்.

மடக்கு மேசையைச் சுற்றி நான்கு பேரும் இருந்தார்கள். நடுவில் மிக்சர்த் தட்டு, பக்கத்து முக்காலியில் மாமாவின் மடிக்கணினி. அம்மா இந்த முறை பெரிதாகக் கேட்டிருந்தார். அவருடைய துரும்பு மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"வா, பிள்ளை. ரோல்ஸ் சூடா இருக்கு, சாப்பிடு" என்றார் மாமா.

"மாமா, இண்டைக்கு ஒஃபர் போடாதேங்கோ. என்ர பேரைப் போட ஏலாது."

"ஏன், பாங்கில ஏதும் சொன்னவங்களோ?"

"இல்லை. எனக்கு வன்கூவரில வேலை கிடைச்சிருக்கு."

நான் பாடமாக்கி வைத்திருந்த வாக்கியம், போகலாமா என்று யோசிக்கிறேன் என்பது. வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் போகப்போறன்."

அப்பாவின் கையில் கடதாசிகள் விசிறி போல விரிந்து இருந்தன. அவர் அவற்றை மூடி, மறுபடி விரித்தார்.

"ஆர் இறக்கிறது?" என்று கேட்டார் அம்மா.

"நீங்கள்தான், அக்கா" என்றார் மாமி மெதுவாக.

"அப்ப முதல் இதை விளையாடி முடிப்பம்."

அவர்கள் விளையாடினார்கள். நான் கடைசிப் படியில் நின்றேன். கால் ஆடியது, படியில் விரித்திருந்த கம்பளம் சத்தத்தை விழுங்கியது. கடதாசிகள் ஒன்றொன்றாக விழுந்தன, மாமா வழக்கம்போலக் கத்தவில்லை, மேசையில் அடிக்கவில்லை. ஒரு கட்டத்தில் அம்மாவின் துரும்பு திறக்கப்பட்டது. அதன் பிறகும் அவருக்கு வெல்ல வழி இருந்தது, எனக்கே தெரிந்தது. அவர் ஒரு ஆஸை அப்பாவின் ஜாக்குக்குக் கீழே போட்டுக் கொடுத்தார். அம்மா எண்ணாமல் விளையாடி அன்றுதான் பார்த்தேன். தோற்றார்.

கடதாசிகளைச் சேர்த்து அடுக்கினார். ஓரங்களை மேசையில் தட்டிச் சமப்படுத்தினார்.

"உனக்கு எப்பயிருந்து தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"வீடு பாக்கப் போகேக்கையே தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப ஏன் நல்லாயிருக்கு எண்டனி?"

"நல்லாத்தானே இருந்தது, அம்மா."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை.

"நான் கேட்டின் வாங்கிட்டன்" என்றார்.

அப்பா கேட்கப்போகும் கேள்விகளுக்கு நான் நான்கு பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். ஏன் அவ்வளவு தூரம், தனியாகவா, எவ்வளவு காலத்துக்கு, எங்களை யார் பார்ப்பது. அவர் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.

"எப்ப வெளிக்கிடுறாய்?"

"பெப்ரவரியில."

"சரி."

மாமா மடிக்கணினியை மடியில் எடுத்தார். "அத்தான், பிள்ளையின்ர பேர் இல்லாமலும் ஏதும் பாக்கலாம். அஜக்ஸ் வேண்டாம், எங்கட பக்கம் சின்னனா ஒரு கொண்டோ அப்பார்ட்மென்ட், எலிவேட்டரோட..."

"தம்பி, வாயை வச்சுக்கொண்டு இரு" என்றார் அம்மா. "அந்த வீடு எனக்கு வேணும்தான். பொய் சொல்லேல்லை. ஆனா கவலையோட வச்ச கையெழுத்தில நான் போய்ப் படுக்க மாட்டன். விடு."

"விடுவம்" என்றார் அப்பா.

மாமா மடிக்கணினியை மூடினார். அவ்வளவுதான். சண்டை வரும், அழுகை வரும், மாமா இடையில் நின்று சமாதானம் பேசுவார், நான் என் நான்கு பதில்களையும் சொல்வேன் என்று எண்ணியிருந்தேன். எல்லோரும் விட்டுவிட்டார்கள். என் கையில் இருந்ததைத் திறந்துகாட்டக்கூட இடமில்லாமல் போயிற்று. அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு என்னைத் தாண்டி மேலே போகும் படிகளைப் பார்த்தார். அந்தப் படிகளை அன்றும் அவர் ஏற வேண்டும். நாளைக்கும்.

அப்போது மாமியின் போன் அடித்தது. மச்சாள். நான் பதில் அனுப்பாததால் தாயைக் கூப்பிட்டிருந்தாள். மாமி போனைக் காதில் வைத்து, என்னைப் பார்த்துத் தலையாட்டியபடி, "ஓம், ஓம், சொல்லிட்டாள், ஒருத்தரும் சாகேல்லை" என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறினார்.

கதிரை ஒன்று வெறுமையாகக் கிடந்தது.

"இரு" என்றார் அம்மா.

"என்னையோ?"

"வேற ஆர்? ஆள் இல்லாட்டி எப்பிடி விளையாடுறது?"

"அக்கா, இவளின்ர கால்..." என்று தொடங்கினார் மாமா.

"கால் இருக்கட்டும். போடு."

இருந்தேன். அம்மாவுக்கு எதிரே, அம்மாவின் சோடியாக. மாமா கடதாசி போட்டார். முதல் நான்கை எடுத்து விரித்தேன். ஸ்பேட் ஜாக். ஸ்பேட் ஒன்பது. ஸ்பேட் ஆஸ். நான்காவது என்ன என்று இப்போது நினைவில்லை.

கால் தொடங்கிவிட்டது. மிக்சர்த் தட்டில் கடலைகள் நடுங்கின. அப்பா தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தன் கடதாசிகளுக்குத் திரும்பினார்.

"இருநூறு" என்றேன். என் முறை வந்த உடனே, யோசிக்காமல்.

மாமா விசிலடித்தார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நான் ஒரு கடதாசியை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தேன். இங்கே அப்படித்தான் வைக்க வேண்டும்.

அம்மா அந்தக் கடதாசியின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவள் இன்னும் என்னென்னத்தைக் கவிட்டு வச்சிருக்கிறாளோ" என்றார், ஒருவரையும் பார்க்காமல். "இனி நான்தான் இருந்து கண்டுபிடிக்க வேணும்."

மேசைக்குக் கீழே என் வலது பாதத்தின் மேல் ஒரு பாரம் வந்து இறங்கியது. தடித்த கம்பளிக் காலுறை போட்ட அம்மாவின் பாதம். தடவவில்லை, தட்டவும் இல்லை. நன்றாக நோகும்படி அழுத்தி வைத்திருந்தார். தட்டில் கடலைகள் நின்றன.

"அத்தான்! மேசைக்குக் கீழ சைகை நடக்குது!" என்று கத்தினார் மாமா.

"ஓம், நடக்குது" என்றார் அம்மா, காலை எடுக்காமல். "நீ மிச்சக் கடதாசியைப் போடு."